கூப்பிடு தூரம்

(மாத்தளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் முன்னோர் தூரத்தை அளப்பதற்கு வைத்திருந்த அளவைகளுள் கூப்பிடு தூரம் என்பது ஒன்று. கோலும் கயிறும் வேண்டாத அளவை அது. ஒருவன் தொண்டை திறந்து அழைத்தால் அக்குரல் மற்றொருவன் செவியில் எவ்வளவு தொலைவு வரையில் சென்று விழுமோ அவ்வளவே அதன் நீளம். நம்மோடு வாழும் சிங்கள மக்களும் இதே அளவையை 'ஹூவ' என்று வழங்கி வந்திருக்கிறார்கள். ஹூ என்று கூவினால் கேட்கும் தூரம் என்பது அதன் பொருள். இரண்டு மொழி பேசும் மக்கள் ஒரே காட்டின் ஓரத்தில் வாழ்ந்து, ஒரே அளவுகோலைத் தத்தம் தொண்டையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. காட்டில் மிருகத்தைத் தேடிப்போன ஒருவன், அதே மிருகத்தைத் தேடிவந்த இன்னொருவனை எதிர்ப்பட்டால் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். அதனை இந்தக் கூப்பிடு தூரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இதைப் பேச எனக்கு உள்ள தகுதி சிறிதே. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். என் தாய்மாமன் அத்தோட்டத்தில் இராக்காவல் பார்த்தவர். மிளகுக் கொடிக்கும் கொக்கோ மரத்துக்கும் இடையே லயத்து மக்கள் நட்டு வைத்திருந்த மரவள்ளியையும் வற்றாளையையும் பன்றியும் முள்ளம்பன்றியும் தோண்டித் தின்னாமல் பார்த்துக்கொள்வது அவருடைய கடமைகளுள் ஒன்று. அதற்காகத் தோட்டத்து அனுமதிப்பத்திரத்தில் ஒரு பழைய துவக்கும் அவர் கையில் இருந்தது. சிறுவனாகிய நான் லாம்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். நான் எந்த உயிரையும் சுட்டதில்லை. சுடும் ஆசையும் எனக்கு இருந்ததில்லை. ஆயினும் இருட்டில் துவக்கோடு நிற்கும் மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு சந்தித்தார்கள் என்பதை அருகில் நின்று கண்டவன் என்ற ஒரு காரணத்தால் இம்மேடையில் நிற்கிறேன்.

நம் மாவட்டத்தின் அமைப்பே இத்தகைய சந்திப்புகளுக்கு இடங்கொடுக்கும் அமைப்பு. தெற்கே தேயிலையும் இறப்பரும் வாசனைத் திரவியங்களும் விளையும் ஈரமலை. கிழக்கே தும்பர மலைத்தொடரும் லக்கலையின் பள்ளத்தாக்குகளும். வடக்கே நாவுல, தம்புள்ளை, கலேவெல என்று இறங்கிப் போகப் போகச் சேனைப்பயிரும் குளமும் முட்காடும் நிறைந்த வறண்ட சமவெளி. வடகிழக்கு எல்லையில், 1984ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்ட வஸ்கமுவ. இவற்றுள் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வீட்டின் கொல்லைப்புறம் முடியுமிடத்தில் காடு தொடங்குகிறது. கொல்லையைக் காக்க வருகிறவன், இறைச்சிக்காக வருகிறவன், தேன் எடுக்க வருகிறவன், விறகு பொறுக்க வருகிறவள் ஆகிய அனைவரும் நடக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்றே.

இந்தப் பாதையில் ஏற்பட்ட ஒரு பழைய சந்திப்பை முதலில் சொல்லுகிறேன். 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, 1679 வரையில் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, பின்னர் தப்பியோடிய ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் வேடர்களைப் பற்றி எழுதுகையில் இதனைக் குறித்து வைத்திருக்கிறார். வேடர் கூட்டங்கள் காட்டைத் தமக்குள் எல்லை வகுத்துப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரின் எல்லைக்குள் வேட்டையாடுவதோ தேனும் பழமும் எடுப்பதோ கூடாது என்பது முறை. அவ்வாறான ஓர் எல்லையின் அருகில் ஒரு பலாமரம் நின்றது. ஒரு வேடன் அதில் காய் பறித்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கூட்டத்தைச் சேர்ந்த இன்னொருவன் அதைக் கண்டு, இம்மரம் எங்களுடையது, இதில் கைவைக்க உனக்கு உரிமையில்லை என்றான். வார்த்தை முற்றி அடியாயிற்று. அடி முற்றி ஒருவன் மற்றவன்மேல் அம்பு எய்தான். செய்தி பரவி இருபுறத்தாரும் ஓடிவந்து வில்லெடுத்தார்கள். இருபது முப்பது பேர் அவ்விடத்திலேயே மாண்டு கிடந்தார்கள் என்கிறார் நொக்ஸ். ஒரு பலாக்காய்க்காக முப்பது உயிர் என்று அவர்களை இகழ்ந்துவிட்டுப் போவது எளிது. எனக்கோ அந்தக் கதையில் வேறொன்று படுகிறது: அவர்களுக்கு எல்லையும் இருந்தது, சட்டமும் இருந்தது, அதை மீறியவனைக் கண்டித்துச் சொல்லும் வாயும் இருந்தது, முதல் சொல்லுக்கும் முதல் அம்புக்கும் நடுவே நின்று பேசுவதற்கு வேண்டிய ஒரு மூச்சளவு நேரம் மட்டுமே இல்லாமற் போயிற்று. அந்த மூச்சளவு நேரத்தை எவ்வாறு உண்டாக்குவது என்பதில்தான் வேட்டைக்களத்து மரியாதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

வேடர்கள் அந்த மரியாதையை அறியாதவர்கள் அல்லர். இதே மாத்தளையின் எல்லைகளைக் கூறும் 'மாத்தளைக் கடயிம் பொத' என்னும் பழைய எல்லைச்சுவடி, விஜயபால அரசன் ஆண்ட காலத்தில் இப்பகுதியின் ஒவ்வோர் ஊரிலும் காவலிருந்த வேடர்களை எண்ணிச் சொல்லுகிறது: பலாபத்வலையில் ஒருவர், தொம்பவெலவில் ஒருவர், கவுடுபெலெல்லவில் ஒருவர், நாரங்கமுவவில் ஒருவர், நாலந்தவில் ஒருவர். இன்று நாம் பஸ்ஸில் ஏறி இறங்குகிற ஊர்களின் பெயர்கள் இவை. அந்த ஊர்களின் காவலே வேடனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்றால், எல்லை என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1911ஆம் ஆண்டு செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட வேடர் பற்றிய ஆராய்ச்சி நூலில், ஒருவன் தன் உடன்பிறந்தான் நிலத்தில்கூட அனுமதி கேளாமல் வேட்டையாட மாட்டான் என்றும், அடிபட்ட மிருகம் பிறன் எல்லைக்குள் ஓடி விழுந்தால் அந்த நிலத்துக்குரியவனுக்கு இறைச்சியில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்றும் வழக்கம் இருந்ததாகக் காணப்படுகிறது. இந்தப் பங்கு என்பதைத் தயவு செய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மீண்டும் இதற்குத் திரும்பி வருவேன்.

ஏனென்றால் இரண்டு வேட்டைக்காரர் எதிர்ப்படுகையில் எழும் விவகாரம் பெரும்பாலும் ஒன்றே: இது யார் விழுத்திய மிருகம்? இதற்கு நம் தோட்டங்களில் புத்தகம் வேண்டியதில்லை, கூத்து இருக்கிறது. அருச்சுனன் தபசு ஆடும் இரவில், பாசுபதம் வேண்டித் தவமிருக்கும் அருச்சுனனைக் கொல்ல மூகாசுரன் பன்றி உருவில் பாய்ந்து வருகிறான். அருச்சுனன் அம்பு விடுகிறான். அதே கணத்தில் உமையோடு வேடனும் வேட்டுவிச்சியுமாய் வந்த சிவபெருமானும் அம்பு விடுகிறார். பன்றி ஒன்று, அம்பு இரண்டு. என் அம்பு என்று இவன் சொல்ல, என் அம்பு என்று அவர் சொல்ல, வில்லும் முறிந்து மற்போராகிறது. லயத்துப் பெண்கள் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய இதைப் பார்த்திருந்தார்கள், நானும் பார்த்திருக்கிறேன். அருச்சுனன் செய்த பிழை பன்றியை எய்தது அன்று. எதிரே நிற்பவர் யார் என்று கேளாததே பிழை. உலகத்தில் தனக்கு நிகரான வில்லாளி இல்லை என்று இருந்தவனுக்கு, மான்தோல் உடுத்திக் காட்டுநாய்களோடு வந்த ஒருவனை விசாரித்து அறியும் பொறுமை இல்லை. கூத்திலே தெய்வம் ஆனபடியால் பாசுபதம் கொடுத்துவிட்டுப் போயிற்று. காட்டிலே எதிர்ப்படுபவன் நம்மைப் போன்ற மனிதன். அவன் கொடுப்பதற்கு வேறொன்றும் வைத்திருப்பதில்லை.

இத்தகைய விவகாரம் நீதிமன்றம் ஏறியதும் உண்டு. அமெரிக்காவில், நியூயோர்க்கைச் சேர்ந்த லோங் தீவின் கடற்கரையில், போஸ்ட் என்பவர் வேட்டைநாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டு வந்தார். பியர்சன் என்பவர் அதைக் கண்டும் குறுக்கே புகுந்து நரியைக் கொன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழக்கு மேல்மன்றம் வரையில் சென்று 1805இல் தீர்ப்பாயிற்று. துரத்தியதனால் மட்டும் மிருகம் சொந்தமாகாது, கைப்பற்றியவனுக்கே சொந்தம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய லிவிங்ஸ்ரன் என்னும் நீதிபதி, இத்தகைய வழக்கு நீதிமன்றத்துக்கே வந்திருக்கக் கூடாது, வேட்டைக்காரர்களின் மத்தியஸ்தத்துக்கே விட்டிருக்க வேண்டும் என்று எழுதினார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் பெரும்பான்மைத் தீர்ப்புக்காகப் படிக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் மாறுபட்ட தீர்ப்பே அறிவுடையது. நரியின் உடைமையைச் சட்டம் நிர்ணயிக்கலாம். இருவரும் மறுநாள் அதே கடற்கரையில் மீண்டும் துவக்கோடு சந்திக்கப் போகிறார்களே, அதற்குச் சட்டம் என்ன செய்ய முடியும்?

இதற்கு என் மாமா செய்ததைச் சொல்லுகிறேன். ஒரு மாசி மாதத்து இரவு. தோட்டத்தின் கீழெல்லையில் ஓர் ஓடை. அதற்கு அப்பால் சிங்கள நாட்டுப்புறம். ஓடைக்கு அப்பால் ஒரு வெடி கேட்டது. சற்று நேரத்தில் ஒரு பெரிய ஆண்பன்றி புதரைப் பிளந்துகொண்டு எங்கள் பக்கம் ஏறி வந்தது. மாமா லாம்பை உயர்த்தச் சொன்னார். பன்றியை முழுமையாகக் கண்ட பிறகே வெடி வைத்தார். அது மரவள்ளிப் பாத்தியில் உருண்டு விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்க்க எழுந்தேன். என் தோளைப் பிடித்து உட்கார்த்தினார். அதன் பிறகு அவர் செய்த காரியங்களை ஒவ்வொன்றாக இன்றும் சொல்ல முடியும். துவக்கை மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்தார், துவக்கை ஒரு மரத்தில் சாய்த்து வைத்தார், லாம்பை என் கையிலிருந்து வாங்கித் தம் மார்பின்மேல் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டார், பிறகுதான் ஓடைப்பக்கம் திரும்பி, "ஓ... மினிஸ்ஸு இன்னவா! அய்யே, மனுசங்க இருக்கோம்!" என்று கூவினார்.

மினிஸ்ஸு இன்னவா என்றால் மனிதர் இருக்கிறார்கள் என்று பொருள். அய்யா என்னும் சொல்லைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். சிங்களத்தில் அதற்கு அண்ணன் என்று பொருள். நமக்கோ அது மதிப்புச்சொல். ஓடையின் இந்தக் கரையிலிருந்து மரியாதையாகப் புறப்பட்ட வார்த்தை அந்தக் கரையை உறவாகச் சென்று சேர்ந்தது. சிறிது மௌனம், பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஹூ என்று ஒரு பதில். மூன்று பேர் மேலே ஏறி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் தம் துவக்கின் வாயைத் தரைக்குத் தாழ்த்திப் பிடித்திருந்தார். எங்கள் துவக்கு மரத்தில் சாய்ந்திருப்பதைக் கண்டதும், தம்முடையதையும் அதன் பக்கத்தில் சாய்த்து வைத்தார். மாமா உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தார். ஒருவரும் பன்றியைப் பற்றிப் பேசவில்லை. வெற்றிலை போட்டு முடிந்த பிறகு எல்லோருமாகப் போய் லாம்பு வெளிச்சத்தில் பன்றியைப் புரட்டிப் பார்த்தார்கள். பின்தொடையில் அவர்களுடைய சன்னம்; முன்தோளுக்குப் பின்னால் மாமாவின் சன்னம். "மொத ரத்தம் ஒங்களோடது. விழுந்தது நம்ம மண்ணுல" என்றார் மாமா. ஒரு பின்தொடை எங்களுக்கு, மற்றவை அவர்களுக்கு. மூத்தவர் ஈரலையும் எடுத்து, பையனுக்குக் கொடுங்கள் என்று என்னைக் காட்டி வைத்தார். வேடர் வழக்கத்தைப் பற்றியோ செலிக்மன் எழுதிய நூலைப் பற்றியோ என் மாமா கேள்விப்பட்டதே இல்லை. முதலில் இரத்தம் வரச்செய்தவனுக்கும் மிருகம் விழுந்த மண்ணுக்கும் தனித்தனியே உரிமை உண்டு என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? பெரியவர்கள் செய்யக் கண்டு அவர் கற்றிருக்க வேண்டும். அவர் செய்யக் கண்டு நானும் கற்றேன்.

அன்று வீடு திரும்பும்போது, மாமா, நாம்தானே கொன்றோம், பெரும்பங்கை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கும் அந்த ஓடைப் பக்கம் நாமதான மாப்புள போகணும்?" என்றார். லிவிங்ஸ்ரன் நீதிபதி சில பக்கங்களில் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

உரிமை விவகாரத்தைக் காட்டிலும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அது மனிதனை மிருகமென்று கொள்ளும் மயக்கம். இராமாயணம் முழுவதும் எந்த அம்பிலிருந்து புறப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். இளம் தசரதன், ஓசையைக் கொண்டே இலக்கை எய்யும் சப்தவேதி வித்தையில் தேர்ந்தவன், சரயு நதிக்கரையின் இருளில் யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி எய்தான். குருடரான தாய் தந்தையருக்காகக் குடத்தில் நீர் முகந்துகொண்டிருந்த பாலகன்மேல் அது பட்டது. மகனைப் பிரிந்து மடிவாய் என்னும் சாபம் அங்கேயே விழுந்தது. கண்ணபிரானின் முடிவும் அப்படியே. ஜரன் என்னும் வேடன் அவருடைய பாதத்தை மானென்று கருதி எய்தான் என்கிறது புராணம். நம் முன்னோர் இரண்டு மகா காவியங்களின் ஊழையும் ஒரு வேட்டைக்காரனின் அவசரத்தோடு முடிச்சிட்டு வைத்தார்கள். ஓசையை மட்டும் கேட்டுச் சுடாதே, கண்ணால் முழுமையாகக் காணாமல் சுடாதே என்று இன்று மேல்நாடுகளில் வேட்டை அனுமதிப்பத்திரம் கேட்பவனுக்கு வகுப்பெடுத்துக் கற்பிக்கிறார்கள். மானின் கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றாததும் மனிதன் கண்ணுக்கு உடனே தோன்றுவதுமான செம்மஞ்சள் நிற உடையை அணியச் சொல்லுகிறார்கள். நமக்கு அந்த உடை பகலில் உதவும். இரவில் உதவுவது குரல் ஒன்றே.

ஆகையால் காட்டோரத்தில் நடமாடும் இளைஞர்களுக்குச் சொல்லுகிறேன். நீங்கள் வேட்டைக்காரராக இல்லாவிட்டாலும் இது உங்களுக்கு வேண்டும். முன்னே ஆள் அரவமோ வெளிச்சமோ கண்டால் பதுங்காதீர்கள். பதுங்குகிறவன் அசைவு மிருகத்தின் அசைவைப் போலவே இருக்கும். ஓடவும் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, முழு வார்த்தையாகப் பேசுங்கள். சீழ்க்கை அடிப்பதும் பறவைக்குரல் காட்டுவதும் விளையாட்டாகக்கூட வேண்டாம். விளக்கை எதிரில் உள்ளவன் கண்ணில் அடித்தால் அவன் குருடனாகிறான், கூடவே கோபமும் கொள்கிறான். உங்கள் மார்பின்மேல் அடித்துக்கொண்டால் உங்களை மனிதனென்று காண்கிறான். கையில் துவக்கு இருந்தால் அதன் வாய் தரையைப் பார்க்கட்டும், தோட்டா வெளியே இருக்கட்டும். இரவுக்காவலில் இருவர் மூவராக உட்காரும்போது, யார் எங்கே உட்கார்ந்தார்களோ அங்கிருந்து, பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ஒருவரும் நகரக் கூடாது. சிறுநீர் கழிக்க எழுந்தவனைப் பன்றியென்று சுட்டுவிட்டு ஆயுள் முழுவதும் அழுதவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். எதிர்ப்பட்டவர்கள் களவு வேட்டைக்காரர் என்று தெரிந்தால், அந்த இடத்திலேயே அவர்களை விசாரிப்பதும் படம் பிடிப்பதும் மிரட்டுவதும் வீரமாகா. வணக்கம் சொல்லி, வந்த வழியே திரும்பி, வெளிச்சமுள்ள இடத்துக்கு வந்த பிறகு அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.

சேனைக்காவல் குடில்களில் சிங்கள விவசாயிகள் இரவெல்லாம் பாடும் பாட்டுக்குப் 'பெல் கவி' என்று பெயர். தூக்கத்தையும் தனிமையையும் போக்கப் பாடுகிறார்கள் என்று எழுதுவார்கள். அது உண்மையே. அதற்கு மேலும் ஒரு பயன் உண்டு: ஒரு குடிலில் பாட்டு எழும்போது அடுத்த சேனையில் துவக்கோடு இருப்பவனுக்கு, அந்தத் திசையில் மனிதன் இருக்கிறான் என்பது தெரிகிறது. தம்புள்ளை வழியாக வடக்கே போனால் மிஹிந்தலை. அங்கே மான் வேட்டைக்கு வந்த தேவநம்பியதீசன், கவனமின்றி நிற்கும் பிராணியைக் கொல்வது தகாது என்று எண்ணி வில்நாணைச் சுண்டி ஒலி எழுப்பினான் என்றும், ஓடிய மானைத் துரத்திப் போய் மகிந்த தேரரைச் சந்தித்தான் என்றும் மகாவம்சம் கூறுகிறது. மானுக்கே ஒலி கொடுத்த அரசன் அவன். நம் சங்கச் செய்யுளில் வன்பரணர் கண்ட நள்ளி என்னும் வள்ளலோ அதற்கும் ஒரு படி மேலே போகிறான்: பசித்துக் களைத்துக் காட்டில் கிடந்த வழிப்போக்கர்களை எதிர்ப்பட்ட அவன், தான் வேட்டையாடிய இறைச்சியைத் தீயில் வாட்டிக் கொடுத்து, அணிந்திருந்த நகைகளையும் கொடுத்து, ஊரும் பெயரும் கேட்டபோது சொல்லாமலே போய்விட்டான். புறநானூற்றில் நான் மிக விரும்பும் மனிதர்களுள் அவன் ஒருவன்.

இனி, சொல்லக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். இந்தக் குரல் ஏன் நம் காடுகளில் அடங்கிப் போயிற்று? ஆங்கிலேய இராணுவ அதிகாரிகளும் துரைமாரும் வந்து யானைகளை ஆயிரக்கணக்கில் சுட்டார்கள். மேஜர் றொஜர்ஸ் என்ற ஒருவர் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று புகழப்பட்டார். மிருகம் அருகிப் போவதைக் கண்டு அஞ்சி, 1894இல் அவர்களுள் வேட்டைப்பிரியர்களே ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். அதன் பின்னர் 1937ஆம் ஆண்டின் இரண்டாம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அது இல்லாதிருந்தால் தும்பர மலையில் இன்று ஒரு மரைகூட எஞ்சியிராது. ஆனால் அதன் நிழலில் ஒன்று நிகழ்ந்தது. குளத்தங்கரையில் கூவிக்கொண்டு வந்த வேட்டைக்காரன், சட்டம் வந்த பிறகு வாயை மூடிக்கொண்டான். எதிரே வருபவன் அதிகாரியோ, காட்டிக்கொடுப்பவனோ என்ற அச்சம் புகுந்தது. பேசாத வேட்டைக்காரன் மனிதனுக்கு அபாயமானவன். அந்த அச்சம் இன்னும் ஒரு படி முன்னேறியபோது, தானே காட்டில் இருப்பதும் ஆபத்து என்று எண்ணி, தன் துவக்கை மட்டும் காட்டில் விட்டுவிட்டு வீட்டில் வந்து படுத்துக்கொண்டான்.

கட்டுத்துவக்கைத்தான் சொல்லுகிறேன். துவக்கு என்னும் சொல் தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றே. இதன் கொடுமையும் இரு மக்களுக்கும் பொதுவே. பாதையின் ஓரத்தில் கட்டி வைத்த ஒரு குழாய். பாதைக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு. பன்றியின் உயரத்துக்கு வைத்த வாய். பன்றியின் நெஞ்சு இருக்கும் உயரமும் மனிதன் முழங்கால் இருக்கும் உயரமும் ஒன்றாகையால், இதில் அடிபட்டு வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலில் காயத்தோடு வருகிறார்கள். சட்டம் இதை முற்றிலும் தடுத்திருக்கிறது. கம்பிச் சுருக்கும் இதன் உடன்பிறப்பே: 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் அகப்பட்ட அந்தக் கருஞ்சிறுத்தையை, காப்பாற்ற எடுத்துச் சென்றும் சில நாளில் இறந்துபோன அந்த அபூர்வ ஜீவனை, நாம் எல்லோரும் பத்திரிகையில் பார்த்தோம். தீனிக்குள் வெடி வைக்கும் ஹக்கபட்டாஸைப் பற்றி இந்தச் சபையில் விரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. வாய் சிதைந்து பட்டினியால் சாகும் யானைக்கன்றைக் கண்டவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கும்.

இவற்றைச் சட்ட மீறல் என்று மட்டும் சொல்வதோடு என் மனம் அமைதியடையவில்லை. இத்தனை நேரமும் நான் பேசிவந்த எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்று உண்டு: எதிரே ஒருவன் இருக்கிறான், அவனுக்குச் செவி இருக்கிறது என்பது. நொக்ஸின் பலாமரத்தடியில் நின்ற இருவருக்கும் செவி இருந்தது. அருச்சுனன் எதிரே நின்ற வேடனுக்கும் இருந்தது. ஓடைக்கு அப்பால் நின்ற அந்த மூத்தவருக்கும் இருந்தது. ஆகையால் பதில் வந்தது. கட்டுத்துவக்குக்குச் செவி இல்லை. மினிஸ்ஸு இன்னவா என்று அதனிடம் கூவிப் பயனில்லை. வெற்றிலைப் பையை அதன் முன் அவிழ்க்க முடியாது. முதல் இரத்தம் யாருடையது என்று அதனோடு பேச முடியாது. மனிதனை எதிர்கொள்ள அஞ்சிய மனிதன் தனக்குப் பதிலாக நிறுத்தி வைத்த செவிட்டு வேட்டைக்காரன் அது. அதனை வைத்தவன் கெட்டவன் என்றுகூட நான் சொல்லவில்லை. ஓராண்டு உழைப்பைப் பன்றி ஓர் இரவில் அழித்துவிட்டுப் போவதைக் கண்டவனின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். இருந்தாலும் காவற்குடிலில் விழித்திருக்க வேண்டியவன் வீட்டில் உறங்கும்போது, அவன் கைக்கொண்டது சோம்பல் மட்டுமன்று. பக்கத்துச் சேனைக்காரனோடு தனக்கிருந்த பேச்சையும் அவன் அறுத்துக்கொள்கிறான்.

என் சிறியதாயார் அப்படி ஒரு கயிற்றை மிதித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்துப் பெண்கள் நால்வரோடு விறகுக்குப் போனார். வழக்கம்போல முன்னே நடந்தார். மனுசங்க வர்றோம் என்று வழக்கம்போலக் கூவிக்கொண்டும் போனார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அதை வைத்தவர் யாரென்று கடைசிவரையில் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து, யாரோ இரவில் எங்கள் லயத்துப் படியில் ஒரு மூட்டை அரிசியும் இரண்டு தேங்காயும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிறியதாயார் அந்த அரிசியை வெகுநாள் தொடவில்லை. வைத்தவன் ஒரு முறை வந்து முகத்தைக் காட்டியிருந்தால் போதும், நான் அவனை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன் என்று அவர் சாகும் வரையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்ற தைப்பொங்கலுக்கு அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். விறகுக்குப் புறப்பட்ட பெண்களோடு எல்லை வரையில் நடந்தேன். முன்னே போகிறவள் கையில் இப்போது ஓர் ஆள் நீளமுள்ள குச்சி இருக்கிறது. அதை முழங்கால் உயரத்தில் பாதைக்குக் குறுக்கே நீட்டி, மெல்லத் தடவிக்கொண்டே நடக்கிறாள். பின்னால் வருகிறவர்கள் அவள் அடி வைத்த இடத்திலேயே அடி வைக்கிறார்கள். ஓடைக்கரை வந்ததும் எல்லோரும் நின்றார்கள். முன்னே நின்றவள் குச்சியை ஊன்றிக்கொண்டு, என் மாமா நின்ற அதே இடத்தில் நின்று, அக்கரையை நோக்கிக் கூவினாள். அக்கரையில் எங்கோ ஒரு நாய் குரைத்தது. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, அவள் மறுபடியும் குச்சியை நீட்டினாள்.